கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்

கத்திரி வெயில் நேரம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேல்மருவத்தூர், திண்டிவனம் எல்லாம் தாண்டும் வரை ஏசி ஜில்லென்றுதான் இருந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் விடுமுறைக் கூட்டம், வண்டிகள் நீளமாக நின்றன. பத்து நிமிஷம் ஊர்ந்திருப்போம், அதற்குள் வருகிற காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. பின்சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே "ஜன்னலையாவது திறந்து விடுப்பா, மூச்சு முட்டுது" என்றார். சாவடியைத் தாண்டி எண்பதில் போக ஆரம்பித்ததும் ஐந்தே நிமிஷத்தில் மறுபடி ஜில்.

அந்த வண்டிக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை கேஸ் ஏற்றியிருந்தேன். இரண்டு தடவையும் ஒரே பட்டறை, ஒரே பதில்: "கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திட்டா சரியாயிடும்." அளவு பார்க்கவில்லை, லீக் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. உண்மையில் கேஸில் எந்தக் குறையும் இல்லை. ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சருக்குக் காற்று இழுக்கிற ஃபேன் செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும், நின்றால் செய்ய ஆளில்லை. தேவையில்லாமல் ஏற்றிய கேஸ் நிலைமையை இன்னும் மோசமாக்கித்தான் வைத்திருந்தது.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சரக்கு அது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருஷங்களில் கொஞ்சமே கொஞ்சம் கசியும், அது இயல்பு. ஆனால் ஒரு சீசனுக்குள் குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைப் பார்க்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அதற்கும் முன்னால், நிஜமாகவே கேஸ்தான் குறைந்ததா என்பதையே பார்க்க வேண்டும். அதில் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே, ஒரு பைசா செலவில்லாமல் நீங்களே பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

மண்பானையில் தண்ணீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறதே, அதே கணக்குதான். கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்று பட்டு, சூட்டை விட்டுவிட்டுக் கேஸ் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வில் இருக்கிற சின்னத் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலுக்குப் போய் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியிருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காயில் வழியாக புளோயர் ஊதுகிற காற்றுதான் உங்கள் முகத்தில் அடிப்பது. ஆக, அழுத்துவது, சூட்டை வெளியே விடுவது, ஆவியாவது, ஊதுவது என்று நான்கு வேலை. இதில் எது நின்றாலும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: "ஏசி வரல."

முதல் கேள்வி: காற்றே வரவில்லையா, காற்று வந்தும் குளிரவில்லையா?

இரண்டும் வேறு வேறு நோய். காற்றின் வேகமே குறைந்திருந்தால் கேஸைப் பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் உள்ளே வருகிற காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கிளவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் கீழே இறங்கிவிடும், பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதைக் கழற்றினால் ஃபில்டர் உருவி வரும். வேப்ப மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் கைப்பிடி அளவு சருகும் பூவும் கூடவே வரும். என் தங்கை கணவர் வண்டியில் எலி ஒன்று பஞ்சைக் கடித்துக் கூடே கட்டியிருந்தது. சில நூறு ரூபாய் சமாச்சாரம், கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம். புதிதை மாட்டும்போது மேலே போட்டிருக்கிற அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் பழைய ஃபில்டரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களின் விலை குறைந்த வேரியண்ட்டில் இந்த ஃபில்டரே இருக்காது, அப்படியானால் அழுக்கு முழுவதும் நேரே கூலிங் காயிலில் போய் அடையும்.

புளோயர் 4-இல் மட்டும் ஓடுகிறது, 1, 2, 3-இல் ஓடவில்லை என்றால் அநேகமாக அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கிற புளோயர் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். எதிலுமே ஓடவில்லை என்றால் ஃபியூஸ், அப்புறம் மோட்டார்.

காற்று நன்றாக வருகிறது, குளிர்தான் இல்லை என்றால் மேலே போவோம்.

டேஷ்போர்டில் இருந்தபடியே பார்க்க வேண்டியவை

சிரிக்காதீர்கள், டெம்பரேச்சர் திருகு முழுதாக நீலப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கையால் திருகுகிற வகையில் அதற்குப் பின்னால் ஒரு கேபிள் இருக்கும். அது நழுவியிருந்தால் திருகு நீலத்தில் நின்றாலும் உள்ளே இருக்கிற கதவு ஹீட்டர் பக்கம் திறந்தபடியே இருக்கும், குளிர்ந்த காற்றோடு சூடான காற்றும் கலந்து வரும். சிவப்புக்கும் நீலத்துக்கும் மாற்றி மாற்றித் திருகிப் பாருங்கள். காற்றின் சூட்டில் எந்த வித்தியாசமும் தெரியாமல், திருகும் லொடலொடவென்று சுற்றினால் சந்தேகம் அங்கேதான். ஆட்டோமேட்டிக் ஏசியில் அந்தக் கதவைச் சின்ன மோட்டார் ஒன்று நகர்த்தும். டேஷ்போர்டுக்குள்ளிருந்து டக்டக்டக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தால் அதன் பல்சக்கரம் போய்விட்டது.

அடுத்து, உள்காற்றையே சுற்றவிடுகிற ரீசர்குலேஷன் பட்டன். கோடையில் இது போட்டுத்தான் இருக்க வேண்டும். வெளியே 38 டிகிரியில் இருக்கிற காற்றை ஓயாமல் உள்ளே இழுத்துக் குளிரவைப்பது சின்ன வண்டியின் ஏசிக்குப் பெரிய பாரம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலிருக்கிற ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றவே பாதி சக்தி போய்விடும். பட்டனை அமுக்கும்போது புளோயர் சத்தம் லேசாக மாறும். மாறவே இல்லை என்றால் அந்தக் கதவு சிக்கியிருக்கலாம்.

புது வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைகிற வசதி இருக்கிறதே, இன்ஜின் அணைந்தால் பெல்ட்டில் ஓடுகிற கம்ப்ரஸரும் நின்றுவிடும், புளோயர் மட்டும் ஊதும். இதைப் பழுது என்று நினைத்துப் பட்டறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வசதியை அணைக்க டேஷ்போர்டில் ஒரு பட்டன் இருக்கும், கோடையில் அமுக்கி விடுங்கள்.

இன்ஜின் டெம்பரேச்சர் முள்ளையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் அதிகமாகச் சூடானால் பல வண்டிகளில் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அப்போது பிரச்சினை ஏசியில் இல்லை, ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினுக்குள் இருக்கிற ஹெட் கேஸ்கெட் என்கிற சீல் போகும்.

பானட்டைத் திறந்து பாருங்கள்

நிழலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வைத்துவிட்டு பானட்டைத் திறங்கள். சேலை, துப்பட்டா, தொங்குகிற ஐடி கார்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் சுற்றும். ஃபேன், பெல்ட் பக்கம் விரலை விடவே விடாதீர்கள். ஹைபிரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர் போகிற எதையும் தொட வேண்டாம், அதில் இருப்பது உயிரை எடுக்கிற வோல்டேஜ். அந்த வகை வண்டிகளுக்கு இந்தப் பகுதியே பொருந்தாது, நேரே தெரிந்த ஆளிடம் போய்விடுங்கள்.

உள்ளே ஒருவரை உட்காரவைத்து ஏசி பட்டனைப் போட்டுப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். போடும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அதுதான் கம்ப்ரஸர் கிளட்ச் ஒட்டுகிற சத்தம். கம்ப்ரஸரின் முகப்பில் பெல்ட் ஓடுகிற சக்கரம் எப்போதும் சுற்றும், அதற்கு முன்னால் இருக்கிற தட்டு, டக் சத்தத்துக்குப் பிறகுதான் கூடச் சேர்ந்து சுற்றும். டார்ச் அடித்துத் தள்ளி நின்று பாருங்கள். இப்போது வருகிற சில வண்டிகளில் இந்தக் கிளட்ச்சே கிடையாது, கம்ப்ரஸர் எப்போதும் சுற்றிக்கொண்டே அளவை மட்டும் உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும், அங்கே டக் சத்தத்தை எதிர்பார்க்கக் கூடாது.

தட்டு சுற்றவே இல்லையா? ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எந்த ஃபியூஸ், எந்த ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சின்னச் சுவிட்ச்) எதற்கு என்று படம் போட்டிருக்கும். ஏசி ரிலேயைக் கழற்றி, அதே எண் அச்சடித்த வேறொரு ரிலேயை, ஹாரனுக்கு அதே வகை இருந்தால் அதை, மாற்றி மாட்டிப் பாருங்கள். வேலை செய்தால் ரிலேதான், சின்னச் செலவு. ரிலேயும் ஃபியூஸும் சரியாக இருந்து கிளட்ச் ஒட்டவில்லை என்றால் இரண்டு சாத்தியம்: கிளட்ச் தட்டை இழுக்கிற மின்காந்தக் காயில் போயிருக்கலாம், அல்லது கேஸ் ரொம்பக் குறைந்துபோய் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரைத் தடுத்து வைத்திருக்கலாம்.

கிளட்ச்சில் இன்னொரு வேடிக்கையான நோய் உண்டு, பலரை அலைய வைக்கிறது. காலையில் நன்றாக வேலை செய்யும், அரை மணி நேரம் ஓட்டியதும் நின்றுவிடும், ஆறவைத்தால் மறுபடி வரும். பழைய வண்டியில் கிளட்ச் தட்டு தேய்ந்து, சக்கரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடியிருக்கும். பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி அது. கூடிவிட்டால், அந்த மின்காந்தக் காயில் சூடாகிக் காந்த சக்தி குறைகிற நேரத்தில் தட்டை இழுக்க முடியாது. விவரம் தெரிந்த மெக்கானிக் தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துவிட்டே சரிசெய்வார். இதற்குக் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னால் இன்னொரு இடத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி ஃபேன். ஏசி போட்டதும் சில நொடிகளில் முன்னால் இருக்கிற ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சில வண்டிகளில் பிரஷர் ஏறிய பிறகு விட்டுவிட்டுச் சுற்றும், அதனால் இரண்டு நிமிஷம் காத்திருங்கள். விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடை நிழலில் நிறுத்தி நான் பார்த்தபோது, கம்ப்ரஸர் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, ஃபேன் அப்படியே நின்றிருந்தது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு குச்சியால் ஃபேன் இறக்கையைத் தள்ளினேன். லேசாகச் சுற்றியிருக்க வேண்டியது, சாந்தில் கரண்டி போட்ட மாதிரி நகர்ந்து நின்றுவிட்டது. மோட்டாரின் பேரிங் இறுகிப்போயிருந்தது. திருச்சியில் ஃபேன் மோட்டார் மட்டும் மாற்றினேன், கூடவே கேஸை முழுவதும் எடுத்து அளந்து சரியான எடைக்குப் போடச் சொன்னேன். அதோடு பிரச்சினை தீர்ந்தது.

கண்டென்சரையும் பார்த்துவிடுங்கள். பம்பரின் கிரில் வழியாகப் பார்த்தாலே தெரியும். பூச்சி, புழுதி, பாலித்தீன் பை என்று அடைத்திருந்தால் சூடு வெளியேறாது. இன்ஜின் ஆறிய பிறகு தோட்டத்துக் குழாயில் மெதுவான தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். சர்வீஸ் ஸ்டேஷனில் வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டக் கொண்டுவந்து அடிக்க விடாதீர்கள், காகிதம் மாதிரி இருக்கிற அலுமினியத் தகடுகள் மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

கடைசியாகக் குழாய். ஏசி ஐந்து நிமிஷம் ஓடிய பிறகு, டேஷ்போர்டுக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு அலுமினியக் குழாய் தெரியும், ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. பருமனானதைத் தொட்டால் ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும், ஒல்லியானது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகிற குழாய் கையைச் சுட்டுவிடும், அதைத் தொடாதீர்கள். கம்ப்ரஸர் ஓடியும் இரண்டு குழாயும் ஒரே சூட்டில் இருந்தால் கேஸ் இல்லை, அல்லது கம்ப்ரஸர் அழுத்தவில்லை.

எப்போது குளிரவில்லை என்பதுதான் பாதி விடை

ஓடினால் ஜில், நின்றால் சூடு: ஃபேன் அல்லது கண்டென்சர். கேஸ் கொஞ்சம் குறைந்தாலும் இப்படி வரும், ஆனால் ஃபேனைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் ஜில், பிறகு காற்றின் வேகம் குறைந்துகொண்டே போய், வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் மறுபடி சரி: கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டுகிறது. காயிலில் ஒட்டியிருக்கிற சென்சர், காயில் உறைநிலைக்குப் பக்கத்தில் வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும். அது கெட்டால் ஐஸ் கட்டிக் காற்று போக வழியில்லாமல் ஆகும். நெடுந்தூரப் பயணத்தில் இப்படி ஆனால் ஏசி பட்டனை மட்டும் பத்து நிமிஷம் அணைத்து புளோயரை ஓடவிடுங்கள், உருகிவிடும்.

கம்ப்ரஸர் சில நொடிக்கு ஒரு தடவை டக், டக் என்று ஒட்டி விலகிக்கொண்டே இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். குளிர் ஒரே நாளில் போகாமல், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வந்திருந்தாலும் லீக்தான்.

வெயிலில் நின்ற வண்டியை எடுத்த உடனே குளிரவில்லை என்று கோபப்படுவது சரியில்லை. உள்ளே சுலபமாக 50 டிகிரியைத் தாண்டியிருக்கும். இரண்டு நிமிஷம் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டி, அனல் வெளியேறியதும் மூடி, பிறகு ரீசர்குலேஷன் போடுங்கள். உண்மையாக அளந்து பார்க்க வேண்டுமென்றால் ஒரு சமையலறைத் தெர்மாமீட்டரை நடு வென்டில் சொருகிப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். நல்ல ஏசி கோடை மதியத்திலும் 6-லிருந்து 12 டிகிரிக்குள் கொடுக்கும். 18, 20 என்று காட்டினால் பழுது இருக்கிறது.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல செய்தி, காயில் குளிர்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் வெளியே சொட்டாமல் உள்ளே மிதியடியை நனைத்தால் தண்ணீரை வெளியேற்றுகிற டிரெயின் ஹோஸ் அடைத்திருக்கிறது.

கேஸ்தான் என்று ஆகிவிட்டால்

இதை வீட்டில் செய்யாதீர்கள். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. அதற்கு முன்னால் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டது. 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் ஸ்க்ரூ டிரைவரால் வால்வைக் குத்தி உஸ்ஸென்று காற்றில் விடுகிற பட்டறையில் நிற்காதீர்கள். வெளியே வரும்போது அது மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற திரவம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. லீக்கை அடைக்கும் என்று சொல்லி விற்கிற திரவங்களையும் ஊற்ற விடாதீர்கள், எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிட்டுப் போகும்.

ஒழுங்கான பட்டறையில் நடக்கிற வரிசை வேறு. முதலில் கேஸின் அழுத்தத்தைக் காட்டுகிற இரண்டு மீட்டர் மாட்டுவார்கள், நீலம் லோ பக்கம், சிவப்பு ஹை பக்கம். இன்ஜின் ஓடாதபோது இரண்டும் ஒரே அளவு காட்டும். 30 டிகிரி வெயிலில் அது நூறு பி.எஸ்.ஐ-க்கு (டயர் காற்றை அளக்கிற அதே அளவு) கொஞ்சம் கீழே இருக்கும். இதை வைத்துக் கேஸ் ஃபுல் என்று சொல்ல முடியாது, உள்ளே பாதி இருந்தாலும் அதே அளவுதான் காட்டும். ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நம் கோடையில் லோ பக்கம் சுமார் 30 முதல் 45, ஹை பக்கம் சுமார் 200 முதல் 250 வந்தால் சரி. இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சர் சூட்டை விடவில்லை. என் வண்டிக்கு மீட்டர் மாட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் நின்றால் கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்துவிட்டது.

குறைவு என்று உறுதியானால் லீக் எங்கே என்று தேட வேண்டும். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கசியும் என்பதால், ஜாயின்ட்டில் பிசுபிசுப்பாகப் புழுதி ஒட்டிய கறை இருந்தால் அங்கேதான். கல் பட்ட கண்டென்சரின் கீழ்ப்பகுதி, குழாய் ஜாயின்ட்டில் இருக்கிற ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், கம்ப்ரஸர் முன்சீல், கேஸ் ஏற்றுகிற வால்வின் ஊசி, இவையெல்லாம் அடிக்கடி கசிகிற இடங்கள். சோப்பு நுரை தடவினாலே பல லீக் முட்டை விட்டுக் காட்டிக்கொடுக்கும், சின்ன லீக்குக்கு நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். வெளியே எங்குமே இல்லை என்றால் கூலிங் காயில், அதற்கு நிறைய வண்டிகளில் டேஷ்போர்டை இறக்க வேண்டும், ஒரு நாள் வேலை. அவசரப்படுத்தாதீர்கள், அவசரத்தில் மாட்டிய டேஷ்போர்டு பிறகு வாழ்நாள் முழுவதும் கடகடக்கும்.

லீக்கைச் சரிசெய்து, ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரை மாற்றி, அரை மணி நேரமாவது வேக்கம் போட, அதாவது உள்ளே இருக்கிற காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். வேக்கத்தை நிறுத்திய பிறகு முள் ஏறாமல் நிற்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வேக்கம் போடாமல் கேஸ் ஏற்றினால் உள்ளே காற்றும் ஈரமும் தங்கும், ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரைத் தின்னும். கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். சின்னக் கார்களில் அரைக் கிலோவுக்குள்தான் வரும், ஐம்பது கிராம் கூடிக் குறைந்தாலே வித்தியாசம் தெரிகிற அளவு. அந்த ஸ்டிக்கரை இன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் "எவ்வளவு ஏத்தணும்னு எங்களுக்குத் தெரியும் சார்" என்றால், படத்தைக் காட்டி, தராசில் சிலிண்டரை வைத்துவிட்டு ஆரம்பிங்க அண்ணே என்று கேளுங்கள். தராசு இல்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.